அயல்பணி மென்பொருள் துறையும் கும்மிடிப்பூண்டியின் முதல் தலைமுறை நிரலாளர்களும்: தகவமைதல் யாருக்கு எளிது?

சென்னை சென்ட்ரலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே ஓடும் புறநகர் ரயில், காலை வேளையில் இரு திசைகளிலும் உழைப்பாளர்களைச் சுமக்கிறது. வடக்கு நோக்கிச் செல்லும் வண்டியில் சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்கள். தெற்கு நோக்கி வரும் வண்டியில் அம்பத்தூர், தரமணி, பழைய மாமல்லபுரம் சாலை ஆகிய இடங்களின் மென்பொருள் அலுவலகங்களுக்குப் போகும் இளம் பட்டதாரிகள். இவ்விரு கூட்டத்தாரும் சில வேளைகளில் ஒரே குடும்பத்தினராகவும் இருக்கின்றனர். தந்தை எஃகு உருட்டாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் எங்கோ ஒரு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கான மென்பொருளைச் சோதிப்பவர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரியான 20 விழுக்காட்டைவிட இது அதிகம். இம்மாவட்டத் தலித் மக்களுக்குத் தொழில் வளர்ச்சி இருமுறை வாக்குறுதி அளித்தது. முதலாவது சிப்காட். இரண்டாவது மென்பொருள் துறை. முதல் வாக்குறுதி எப்படி நிறைவேறியது என்பதற்குத் தேர்வாய் கண்டிகை சாட்சி. இன்று இரண்டாம் வாக்குறுதியும் ஆட்டம் காண்கிறது. அயல்பணியாக இந்தியாவுக்கு வந்த வேலையின் தன்மை மாறுகிறது, ஆட்குறைப்புகள் தொடர்கின்றன, ‘தகவமைத்துக்கொள்ளுங்கள், புதிய திறன்களைக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. அந்த அறிவுரையில் உண்மை உண்டு. ஆனால் கற்றுக்கொள்வதற்கான காலத்தையும் பணத்தையும் யார் தருவது என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. முதல் தலைமுறை நிரலாளர்களின் நிலையிலிருந்து அவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயல்பணி எவ்வாறு இயங்குகிறது?

வெளிநாட்டு நிறுவனமொன்று தனக்குத் தேவையான மென்பொருளைத் தானே எழுதாமல், கூலி குறைந்த நாட்டிலுள்ள நிறுவனத்திடம் ஒப்படைப்பதே அயல்பணி ஒப்படைப்பு. இந்தியாவில் இதன் வேர்கள் 1970களில் உள்ளன. 1991இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு உருவாக்கப்பட்டதும், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கணினிகளில் தேதிக் குழப்பம் நேரும் என்ற அச்சத்தால் உலகெங்கும் பழைய நிரல்களைத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டதும் இத்துறையைப் பெருக்கின. சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. நாஸ்காம் கணிப்பின்படி 2023-24இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 54 இலட்சம் பேர் இத்துறையில் பணியாற்றினர். வருவாயின் பெரும்பகுதி ஏற்றுமதியால் வருவது. மிகப் பெரிய சந்தை அமெரிக்கா.

இதன் கணக்கு எளிமையானது. வாடிக்கையாளர் நிறுவனம், பணியாற்றும் ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கில் டாலரில் பணம் செலுத்துகிறது. இங்குள்ள நிறுவனம் அவருக்கு ரூபாயில் மாத ஊதியம் தருகிறது. இடைவெளியே இலாபம். இலாபம் குறையாதிருக்க வேண்டுமானால் குறைந்த ஊதியத்தில் ஏராளமான புதியவர்கள் அடித்தளத்திலும், அனுபவசாலிகள் சிலர் மேலேயும் இருக்க வேண்டும். இதையே இத்துறையில் ‘பிரமிடு’ என்கின்றனர். பெரிய நிறுவனங்களில் புதியவரின் தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 இலட்சம் ரூபாய் என்ற அளவிலேயே தேங்கி நிற்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காத இடைக்காலம் ‘பெஞ்ச்’ எனப்படுகிறது. பெஞ்சில் இருப்பவருக்காக எந்த வாடிக்கையாளரும் பணம் தருவதில்லை. ஆகவே நிறுவனத்தின் கண்ணில் அவர் வெறும் செலவு. பெஞ்சில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கு நிறுவனங்கள் வரம்பு வைக்கின்றன. அடுத்த புராஜெக்டில் யாரைச் சேர்ப்பது என்பதை மேலாளர்களே பெரிதும் முடிவு செய்கின்றனர். அங்கேதான் அறிமுகமும் உறவும் சாதியும் ஓசையின்றி வேலை செய்கின்றன.

திறந்த கதவுகளும் குறுகிய வாயில்களும்

இத்துறைக்குள் தலித் இளைஞர்கள் நுழைந்தது தற்செயலானதன்று. சமூகநீதி நடவடிக்கைகள் திறந்த வழி அது. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு இடஒதுக்கீடு, 2009இல் அதனுள் அருந்ததியருக்கு வழங்கப்பட்ட 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு, தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு ஒழிப்பு, போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவை இல்லையேல், கவரைப்பேட்டை, ஆவடி, திருவள்ளூர் சுற்றுவட்டாரத் தன்நிதிப் பொறியியல் கல்லூரிகளின் வகுப்பறைகள் வேறு முகம் கொண்டிருக்கும்.

ஆனால் கல்லூரி வாயிலோடு இடஒதுக்கீடு முடிந்துவிடுகிறது. அரசியலமைப்பின் 16(4) பிரிவு அரசுப் பணிகளுக்கே பொருந்தும். தனியார் துறையில் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. பணியாளர்களின் சமூக விவரத்தை வெளியிடும் கடமையும் மென்பொருள் நிறுவனங்களுக்கு இல்லை. ஆகவே, ‘இங்கே திறமை மட்டுமே பேசும்’ என்ற கூற்றைச் சோதித்துப் பார்க்கப் பொதுவெளியில் தரவு கிடைப்பதில்லை.

கிடைக்கும் ஆய்வுகள் அக்கூற்றுக்கு எதிராகவே உள்ளன. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகியோர் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரங்கள் ஒரு பரிசோதனை நடத்தினர். ஆங்கில நாளேடுகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன; பெயர்களே வேறுபட்டன. உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிடுகையில், தலித் பெயர் கொண்ட விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் 0.67ஆக, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது.

தமிழ்நாட்டில் பெயரின் பின்னே சாதி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அது நம் அரசியல் வரலாற்றின் பெருமை. ஆயினும் சாதியை அறிய நேர்முகத் தேர்வுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், எந்தப் பள்ளி, எந்த உதவித்தொகை என்ற ‘குடும்பப் பின்னணி’ வினாக்கள் போதும். ஆங்கில உச்சரிப்பும் தோரணையும் ‘தொடர்புத் திறன்’ என்ற தலைப்பில் மதிப்பெண்ணாகின்றன. வேலை கிடைத்த பின்னும், அலுவலகத்துக்கு அருகே வீடு தேடும்போது ‘சைவம் மட்டும்’ என்ற பலகை எதிர்ப்படுகிறது. நாள்தோறும் கும்மிடிப்பூண்டியிலிருந்து சிறுசேரிக்குப் போய்வருவதில் மணிக்கணக்கான காலம் கரைகிறது. சக பணியாளர் புதிய மொழியொன்றைக் கற்கும் அந்த நேரத்தை இவர் ரயிலிலும் பேருந்திலும் செலவிடுகிறார்.

கடல் கடந்தாலும் சாதி கடப்பதில்லை என்பதற்கு சிஸ்கோ வழக்கு அறியப்பட்ட சான்று. தலித் பொறியாளர் ஒருவர் இந்திய வம்சாவளி மேலாளர்களால் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானார் எனக் கலிஃபோர்னியா மாநில அரசு 2020 ஜூனில் வழக்குத் தொடுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான குற்றச்சாட்டுகள் 2023இல் கைவிடப்பட்டன; நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் மாநகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. கலிஃபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதி எதிர்ப்பு மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார்.

இப்போது மாறுவது என்ன?

முதலாவது, பிரமிடின் அடித்தளம் சுருங்குகிறது. எளிய நிரல் எழுதுதல், கையால் சோதித்தல், ஆவணம் தயாரித்தல் ஆகிய புதியவர்களின் பணிகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பகுதியளவு ஏற்கின்றன. 2022இல் பணி ஆணை பெற்றவர்களுள் பலர் ஓராண்டுக்கும் மேலாகச் சேர்க்கை நாளுக்குக் காத்திருந்தனர். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இரண்டாவது, வெளிநாட்டு நிறுவனங்கள் இடைத்தரகரைத் தவிர்த்துத் தம் சொந்த அலுவலகங்களை இங்கேயே அமைக்கின்றன. உலகளாவிய திறன் மையங்கள் எனப்படும் இவை 2024இல் இந்தியாவில் 1,700ஐத் தாண்டின. ஏறத்தாழ 19 இலட்சம் பேர் அவற்றில் பணியாற்றினர். இம்மையங்கள் புதியவர்களைத் திரளாக எடுப்பதைவிட அனுபவசாலிகளை எடுப்பதையே விரும்புகின்றன. பெயர் பெற்ற கல்லூரிகளின் வாயிலில்தான் அவை முதலில் நிற்கும்.

மூன்றாவது, வெளிநாடு செல்லும் ஏணி குறுகுகிறது. ‘ஆன்சைட்’ வாய்ப்பால் கிடைத்த சேமிப்பே முந்தைய தலைமுறை நிரலாளர்களுக்கு வீடாகவும் பிள்ளைகளின் கல்வியாகவும் ஆனது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் விதித்தது. தலித் நிரலாளர்கள் ஏணியின் நடுப்படிக்கு வரும் நேரத்தில் மேற்படிகள் கழற்றப்படுகின்றன.

நான்காவது, நிரந்தரப் பணி ஒப்பந்தப் பணியாகிறது. அமர்ந்து வேலை செய்வது ஒரு பெரிய நிறுவனத்தில். ஊதியம் தருவது பெயர் தெரியாத ஆள்வழங்கு நிறுவனம். சிப்காட் ஆலை வாயிலில் தந்தை அணிந்திருக்கும் ஒப்பந்ததாரர் அட்டையும், குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் மகள் அணிந்திருக்கும் வேறு நிற அட்டையும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

தகவமைதலும் சாதியும்

1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் அண்ணல் அம்பேத்கர், தொழில்துறை ஓயாமல் மாறும் இயல்புடையது என்பதைச் சுட்டினார். மாற்றத்துக்கேற்பத் தொழிலை மாற்றிக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு வேண்டும். சாதி அவ்வுரிமையை மறுப்பதால் அதுவே வேலையின்மைக்கு நேரடிக் காரணமாகிறது என்பது அவருடைய வாதம். தகவமைதல் பற்றிய இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை இல்லை.

வேலையிழந்த நிரலாளர் ஒருவர் ஆறு மாதம் அமர்ந்து புதிய துறையைக் கற்க வேண்டுமானால் அவருக்கு மூன்று வளங்கள் தேவை: வாடகையும் கடன் தவணையும் செலுத்தப் பணம், வேலை வாய்ப்பைச் சொல்லும் உறவினர் வட்டம், தோற்றால் திரும்பிச் செல்லச் சொத்துள்ள வீடு. பல தலைமுறைகளாகக் கல்வியும் நிலமும் பெற்ற குடும்பங்களுக்கு இவை இயல்பாக இருப்பவை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நிலைமை தலைகீழ். தம்பி தங்கையின் கல்லூரிக் கட்டணமும் பெற்றோரின் மருத்துவச் செலவும் அவரது ஊதியத்தை நம்பியே உள்ளன. ஆகவே, அவருக்கான வழிகாட்டல் ‘எந்த மொழியைக் கற்பது’ என்பதிலிருந்து தொடங்க இயலாது. கையிலுள்ள வேலையைச் சட்டத்தின் துணையோடு காப்பது, கற்பதற்கான காலத்தைப் பெறுவது, பிறகு கற்பது என்பதே சரியான வரிசை.

சட்டம் தரும் காப்பு

‘ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது’ என்பது நெடுங்காலம் நம்பவைக்கப்பட்ட பொய். 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் டி.சி.எஸ். மேற்கொண்ட ஆட்குறைப்பின்போது, பெண் பணியாளர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2016இல் தமிழ்நாடு அரசு, தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுச் சட்டத்தை அணுகலாம் எனத் தெளிவுபடுத்தியது. 2015இல் நீக்கப்பட்ட மற்றொரு பணியாளரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. ஏழாண்டுக் காத்திருப்பு கொடியதுதான். ஆனால் மேலாளர் என்ற பட்டம் ஒருவரைத் தொழிலாளர் வரையறையிலிருந்து வெளியேற்றிவிடாது, அவர் உண்மையில் செய்த வேலையே அளவுகோல் என்பது நிலைநாட்டப்பட்டது.

2025 நவம்பர் 21 முதல் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறையில் உள்ளது. தொழிற்சங்க உரிமைகள் பலவற்றை அது சுருக்கியிருப்பது உண்மை. எனினும் நிரலாளர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள் அதிலும் உள்ளன. தொழில்நுட்பப் பணியும் திறன்சார் பணியும் செய்பவர் தொழிலாளரே. ஓராண்டு தொடர்பணி முடித்தவரை ஆட்குறைப்புச் செய்ய, காரணம் கூறும் ஒரு மாத அறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக வழங்க வேண்டும். ஆட்குறைப்புக்கு உள்ளானவரின் மறுதிறன் பயிற்சிக்காக மேலும் 15 நாள் ஊதியத்தை நிறுவனம் நிதியத்தில் செலுத்த வேண்டும். அது 45 நாள்களுக்குள் அவரது கணக்குக்கு வர வேண்டும். பணிநீக்கம் குறித்த தகராறைச் சமரச அலுவலரிடம் எழுப்ப இரண்டு ஆண்டுகளே காலவரம்பு.

இவ்வளவையும் ஒரே தாளில் இழந்துவிட முடியும். அத்தாள் விலகல் கடிதம். ஆட்குறைப்பு என்ற சொல்லைத் தவிர்ப்பதற்காக, ‘நீங்களே விலகிவிடுங்கள், அனுபவச் சான்றிதழில் கறை படியாது’ என்று அறைக்குள் அழைத்துச் சொல்லும் வழக்கம் இத்துறையில் பரவலாக உள்ளது. தானே விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. ஆகவே அந்த அறையில் எதிலும் கையொப்பமிடாமல், எழுத்துமூலம் கேட்டு, சங்கத்தையோ வழக்கறிஞரையோ கலந்தபின் விடையளிப்பதே முறை.

அதற்கு ஆவணங்கள் வேண்டும். பணி நியமன ஆணை, ஊதியச் சீட்டுகள், வருங்கால வைப்புநிதிக் கணக்கு விவரம், ஆண்டு மதிப்பீட்டு முடிவுகள், பாராட்டுக் கடிதங்கள், பெஞ்சில் வைக்கப்பட்ட நாள்கள் பற்றிய குறிப்பு ஆகியவற்றின் படிகளை நிறுவனக் கணினிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் தரவையோ நிரலையோ படியெடுப்பது குற்றமாகலாம். தன் பணி உறவு தொடர்பான ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சேரும்போது கையொப்பமிட்ட ‘பாண்ட்’ ஒப்பந்தத்தைக் கண்டு அஞ்சி ஒடுங்கவும் தேவையில்லை. அதில் எழுதிய தொகை எவ்வளவாயினும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது.

சாதிப் பாகுபாட்டைப் பொறுத்தவரை, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் தொழிலிலிருந்தோ வேலையிலிருந்தோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வேலை செய்வதைத் தடுப்பதைத் தண்டிக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் அச்சட்டத்தின்படி குற்றமாக, அது பிறர் காண நடந்திருக்க வேண்டும். எனவே நாள், இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே குறித்துவைப்பது இன்றியமையாதது. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையமும், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையமும் முறையீடுகளைப் பெறுகின்றன. ஆனால் மதிப்பீட்டில் ஓசையின்றிக் குறைக்கப்படும் ஒரு புள்ளியை, பதவி உயர்வில் தாண்டிச் செல்லப்படும் ஒரு பெயரை, இச்சட்டங்கள் எளிதில் தொடுவதில்லை. தனியார் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச்சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையின் அடிப்படை இதுவே.

சங்கம் என்னும் உறவு வட்டம்

ஆதிக்கச் சாதியினருக்கு உறவு வட்டம் செய்துதருவதை, அவ்வட்டம் இல்லாதவர்களுக்கு அமைப்பே செய்ய இயலும். தமிழ்நாட்டில் தகவல் தொழில்நுட்ப ஊழியர் மன்றமான ஃபைட், சி.ஐ.டி.யு. சார்ந்த யுனைட், புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணியின் ஐ.டி. ஊழியர் பிரிவு ஆகியவை இயங்கிவருகின்றன. இவை வேலைநீக்கத்தை எதிர்கொள்வதில் துணைநின்றுள்ளன. சாதி குறித்த கேள்வியைத் தம் அன்றாட வேலைத்திட்டத்தின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு இவற்றுக்கு இன்னும் எஞ்சியிருக்கிறது. அப்பொறுப்பை வெளியிலிருந்து நினைவூட்டுவதைவிட, தலித் பணியாளர்கள் உறுப்பினராகி உள்ளிருந்து நிறைவேற்றவைப்பது பயன் தரும்.

சங்கத்தில் சேர்வதோடு, சேரித் தெருவிலும் கல்லூரி முன்னாள் மாணவரிடையேயும் சிறு வட்டங்களை அமைக்கலாம். எந்த நிறுவனத்தில் காலியிடம், எந்த நேர்முகத்தில் என்ன கேட்கப்படுகிறது, சம்பளத்தை எப்படிப் பேசுவது என்பவை ஒரு சமூகத்தில் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கின்றன. மற்றொன்றில் யாரும் சொல்லாமல் மறைந்துபோகின்றன. மூத்தவர் ஒருவர் இளையவர் இருவருக்கு இவற்றைச் சொல்வதென முடிவு செய்தால், அதற்குப் பணம் தேவையில்லை.

எதைக் கற்பது?

இனித் திறனுக்கு வரலாம். ஒரு குறிப்பிட்ட கருவியை மட்டும் அறிந்தவர், அக்கருவியோடு வழக்கொழிவார். தரவுத்தளம், கணினி வலையமைப்பு, இயங்குதளம், தருக்கமுறை ஆகிய அடிப்படைகளில் தேர்ந்தவர் புதிய கருவிக்கு மாற வாரங்கள் போதும். செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் நிரலில் பிழை எங்குள்ளது எனக் கண்டறிய, அந்த அடிப்படை அறிவே தேவைப்படுகிறது.

அடுத்தது துறை அறிவு. காப்பீடு, வங்கி, மருத்துவமனை, சரக்குப் போக்குவரத்து என எந்தத் துறைக்காக நிரல் எழுதுகிறோமோ அதன் இயக்கத்தை அறிந்தவரை எளிதில் மாற்றிவிட இயலாது. மூன்றாவது, ஆங்கிலம். அதைத் தகுதியின் அடையாளமாக எண்ணி அஞ்சாமல், வேலைக் கருவிகளுள் ஒன்றாகக் கையாளப் பழக வேண்டும். வாடிக்கையாளரிடம் பேசுபவரையே மேலாண்மை அறியும். பின்னால் அமர்ந்து உழைப்பவரின் பெயர் மதிப்பீட்டு நாளில் நினைவுக்கு வருவதில்லை.

இங்கே கும்மிடிப்பூண்டிக்கு ஒரு சிறப்பு உண்டு. உருக்காலை, உருட்டாலை, டயர் ஆலை, உதிரிபாக ஆலை ஆகியவை நிறைந்த இவ்வட்டாரத்தில் எந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள், உற்பத்திக் கண்காணிப்பு, மின் நுகர்வு அளவீடு, கிடங்குக் கணக்கு ஆகியவற்றுக்குத் தேவை உள்ளது. பி.எல்.சி., ஸ்காடா, இ.ஆர்.பி. போன்றவற்றை அறிந்த நிரலாளருக்கு வேலை அமெரிக்கச் சந்தையை மட்டும் சார்ந்திருப்பதில்லை. எந்திரத்தின் அருகே நின்று பார்க்க வேண்டிய வேலையைக் கடல் கடந்து அனுப்புவதும் எளிதன்று. தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டிருப்பதால் இத்துறைக்கான பயிற்சிக்கு ஒரு பொதுவழியும் உள்ளது. உலை எந்த வெப்பத்தில் தடுமாறும், எந்த மணியில் எந்திரம் நின்றுபோகும் என்பதைத் தந்தையும் அண்ணனும் பல்லாண்டு உழைப்பில் அறிந்திருக்கின்றனர். அதுவும் துறை அறிவே. கூலியாக மட்டும் மதிக்கப்பட்ட அவ்வறிவை மென்பொருளாக மாற்றும் இடத்தில் பிள்ளைகள் அமர முடியும்.

அரசுத் திட்டங்களுள் 2022இல் தொடங்கிய நான் முதல்வன், தாட்கோவின் இலவசத் திறன் பயிற்சிகள் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும். பிளஸ் டூ முடித்தவரை நேரடியாகப் பயிற்சிக்கு எடுக்கும் எச்.சி.எல். டெக்பீ திட்டத்திலும் தாட்கோ வழியாகச் சேரலாம். ஆனால் அது பிரமிடின் கடைசிப் படியில் தொடங்குவது. பணியோடு பட்டப்படிப்பையும் முடிக்காமல் அங்கே நின்றுவிடக் கூடாது. ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது இம்மாவட்டத்துக்கு நல்ல செய்தி. ஆயினும் கும்மிடிப்பூண்டி ரயில் தடமும் ஆவடி தடமும் பேசின் பாலத்தில்தான் சேர்கின்றன. நேரடிப் பேருந்துகள் இல்லாவிட்டால், மாவட்டத்துக்குள் இருக்கும் அலுவலகமும் சென்னையைச் சுற்றிச் செல்லும் தொலைவிலேயே இருக்கும்.

தேர்வாய் கண்டிகை கற்றுத்தந்தது

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் தேர்வாய் கண்டிகை. அவர்கள் காலங்காலமாகக் காத்துவந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும் சிப்காட் பூங்காவுக்காக எடுக்கப்பட்டன. மக்கள் போராடினர், வழக்குகளைச் சந்தித்தனர். 2009இல் பிரான்சின் மிஷெலின் டயர் நிறுவனம் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. 2012இல் ஊர்ச் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளோடு இணைந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ் பிரான்சிலேயே முறையிட்டன. எதிர்பார்த்த நீதி கிடைக்கவில்லை. ஆனால் இலாபம் சேரும் நாட்டிலும் கேள்வி எழுப்ப முடியும் என்பதை அந்த ஊர் காட்டியது.

மென்பொருள் துறைக்கு அப்பாடம் நேரடியாகப் பொருந்தும். அங்கும் வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். பாகுபாடு இங்கே நடக்கிறது. 2023இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், சமூகத் தோற்றத்தின் அடிப்படையில் வேலையில் காட்டும் பாகுபாட்டையும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய இடர்களுள் வைத்துள்ளது. முறையீட்டு வழியையும் கேட்கிறது. தன் நாட்டில் நிறவெறிக்கு எதிரான கொள்கையை வெளியிடும் நிறுவனம், தன் நிரலை எழுதும் சென்னை அலுவலகத்தில் சாதி பற்றி என்ன கொள்கை வைத்துள்ளது எனச் சங்கங்கள் கேட்கலாம்.

உள்நாட்டுக் கோரிக்கைகளும் தெளிவானவை. வரிச்சலுகையும் நிலமும் பெறும் நிறுவனங்கள் பணியாளர்களின் சமூக விவரத்தை நிலைவாரியாக வெளியிட வேண்டும். ஆட்குறைப்புப் பட்டியலின் அளவுகோலைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்களின் பாகுபாட்டுத் தடைக் கொள்கைகளில் சாதி என்ற சொல் இடம்பெற வேண்டும். வேலையிழந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, மறுபயிற்சிக் காலத்தில் தாட்கோ மாத உதவித்தொகை வழங்க வேண்டும். பொதுப்பணத்தாலும் பொதுநிலத்தாலும் வளர்ந்த தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும்.

இவை நிறைவேறும்வரை காத்திருக்க இயலாது என்பதை ஒவ்வொரு மாதத் தவணையும் நினைவூட்டுகிறது. ஆகவே இவ்வாரமே செய்யத்தக்கவற்றில் தொடங்கலாம்: நியமன ஆணையையும் மதிப்பீடுகளையும் படியெடுத்து வைப்பது, ஒரு சங்கத்தில் உறுப்பினராவது, தெருவில் இறுதியாண்டு படிக்கும் ஒருவரை அழைத்து நேர்முகத் தேர்வு எப்படி நடக்கும் எனச் சொல்லித் தருவது.